தாழ்ப்பாள் வெளியே இருந்த அறை

நம் ஆய்வகத்துக்கு நேற்று பெயின்ட் அடித்தார்கள். இன்று காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே போக முடியாமல் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். "பெயின்ட் வாசம் ஒத்துக்காதுங்களா அக்கா?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மை தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

சேலத்தில் நாம் தங்கியிருந்த விடுதியை மூடப் போவதாகச் சொன்ன மாதம் அது. பத்து நாட்களாக வீடு தேடினோம். வேலை முடிந்து போய் நின்றால், "அப்பா அம்மா கூட இருப்பாங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடும். அலைந்து சலித்திருந்தபோதுதான் செல்போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. படத்தில் வீடு பளிச்சென்று இருந்தது. நான்தான் அழைத்தேன். அவன் முதலில் கேட்டதே, "நீங்க மட்டும் தனியாத்தான வாரீங்க?" என்பதுதான். யோசிக்காமல் ஆமாம் என்றேன். விலாசம் கேட்டதற்கு, "பஸ் ஸ்டாப்புல எறங்குங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

உன்னிடம் சொன்னதும் முகம் சுளித்தாய். "விலாசம் சொல்லாத ஊடு என்ன ஊடு புள்ள? இரு, நானும் வாரேன்."

நல்ல வெயில். ஏற்காட்டு மலை தெரிகிற கடைசித் தெருக்கள். அவன் பைக்கில் தலைக்கவசத்தோடு காத்திருந்தான். உன்னைப் பார்த்ததும் பைக்கை விட்டு இறங்கினான். "ஒருத்தருன்னுதானுங்க சொன்னீங்க?" என்றான். பிறகு பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு முன்னால் போனான். நாம் பின்னால் நடந்தோம். இரண்டு பக்கமும் காலி மனைகள். வழியில் ஆள் நடமாட்டமே இல்லை. பச்சை கேட் போட்ட வீடு, வெளிப்பக்கமாக மாடிப்படி. அவன் மேலே போய்க் கதவைத் திறந்தபோது புது பெயின்ட் வாடை கீழ்வரை இறங்கியது.

நான் அவன் பின்னாலேயே உள்ளே போய்விட்டேன். நீ வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

படுக்கையறைக்குள் போன பிறகுதான் அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். "கொசு வராம இருக்கத்தானுங்க" என்றான். மூலையில் ஒரு பாய். அதன்மேல் ஒரு சீப்பு, அதில் நீளமான முடி சுற்றியிருந்தது. யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் உன் குரல் கேட்டது.

"ஏனுங்க, ரூம்புக்குத் தாப்பா ஏனுங்க வெளிய போட்டிருக்குது?"

அவன் கையிலிருந்த தலைக்கவசத்தைக் கீழே வைத்தான். எனக்கும் அறைக் கதவுக்கும் நடுவே, உனக்கு முதுகைக் காட்டி வந்து நின்றான். "உள்ள வந்து பாத்ரூமப் பாருங்க, நல்லா இருக்கும்" என்று திரும்பாமலே உன்னை அழைத்தான். குரலில் கொஞ்சமும் மாற்றமில்லை. அதைக் கேட்டதும் நான் சுவரோரம் நகர்ந்தேன்.

நீ செல்போனைக் காதில் வைத்தாய். தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேச என்றைக்குத் தெரிந்தது? தெருவே கேட்கும்படி, "அண்ணா, பச்சை கேட்டுங்ணா, மேல் மாடி. முக்குல வண்டிய நிறுத்திட்டு நேரா ஏறி வாங்ணா" என்றாய். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வெளிய வா. அண்ணன் வந்தாச்சு" என்றாய்.

அவன் படிப்பக்கம் காது கொடுத்தான். என்ன நினைத்தானோ, ஓரடி விலகினான். அவன் சட்டை என் தோளில் உரச வெளியே வந்தேன். "ஓடாத, நட" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காட்டினாய்: செல்போன் அணைந்து கிடந்தது. மத்தியானமே சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் என் மணிக்கட்டை விட்டாய்.

"போலீஸ்ல சொல்லோணும்" என்றாய். நான் மாட்டேன் என்றேன். தம்மம்பட்டியில் என் வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்லி அழைத்துப் போய்விடுவார்கள் என்று அழுதேன்.

"நமக்கு முன்னால அங்க ஒருத்தி இருந்திருக்கா புள்ள. நீ சொன்ன அந்தச் சீப்பு யாருது?" என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் நீ தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனாய். கூட வந்த பெண் எங்கே என்று கேட்டதற்கு, எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாயாம். போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தபோது பாயும் இல்லை, சீப்பும் இல்லை. வீட்டுக்காரர் கோயமுத்தூரில் இருக்கிறார். வீட்டை யாருக்கும் விடவில்லை, வீடு பூட்டித்தான் கிடந்தது என்றார். அவன் எண் அணைந்துபோயிருந்தது. ஆள் எப்படி இருப்பான் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் போட்டிருந்தான் என்பதற்கு மேல் உனக்குச் சொல்ல எதுவுமில்லை. விடுதிக்குத் திரும்பி, "மொகத்த நீதான பார்த்த?" என்று மட்டும் கேட்டாய். அதன் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

இன்று மத்தியானம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். நீ கொடுத்த மனுவைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. உன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். "இத்தன வருசம் ஏம்மா வரல?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் காவலர். பயம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்து, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இடது புருவத்தை வெட்டிப் போகும் தழும்பு. பேசும்போது அசையாத மேலுதடு. மறந்துவிட வேண்டும் என்று இத்தனை வருடமாக நான் வேண்டிக்கொண்ட முகம், ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. அவன் எங்கேயோ இருக்கிறான். ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் இப்போதும் யாருக்காவது காத்திருக்கலாம். அவனைக் கண்டால் அடையாளம் சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்தி இருக்கிறேன். இனி அந்த முகத்தை மறக்க மாட்டேன்.