முப்பத்தொரு கரண்டிகள்

லூனெபுர்க் புதர்வெளி
1912 மார்ச் 13

அன்புள்ள எபர்ஹார்ட் அண்ணாவுக்கு,

ரோஸ்விதா எழுதுவது. நீயும் அண்ணியும் பயந்தபடி எதுவும் ஆகவில்லை. மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். ஹனோவரில் மூன்று குளிர்காலமாக விடாமல் படுத்திய இர்மெலாவின் இருமல், இங்கே வந்த பத்தே நாளில் போன இடம் தெரியவில்லை. ஏழு வயதுப் பெண், வெறுங்காலோடு ஆட்டுக்குட்டிகளின் பின்னால் ஓடுகிறாள். ஆலைப் புகையை விட்டு வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் மச்சான் தியோபால்டைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. பள்ளிக்கூட வேலையை விட்டதும் தலைவலியும் அவரை விட்டுவிட்டது. தாடி வளர்த்துக்கொண்டு, முரட்டு நூல் அங்கியோடு மண் வெட்டுகிறார். சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுகிறார். நகரம் மனிதனைப் பல்சக்கரமாக்கிவிட்டது, ஆலைச் சங்கு ஊதினால் எழுகிறான், சங்கு ஊதினால் தின்கிறான், நடுவில் அவனுக்கென்று ஒரு மூச்சுகூட மிச்சமில்லை என்பார். அவர் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் மற்ற இருபத்தெட்டுப் பேரும் வீடுவாசலை விற்றுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள்.

உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிறவர்கள் முதல் நாளே கடிகாரத்தைச் சதுப்புநீரில் போட்டுவிட வேண்டும். நீ என் கல்யாணத்துக்குக் கொடுத்ததும் போய்விட்டது. ரயில்களுக்கு நேரம் குறிக்கிற அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, அரை நிமிஷம் பிந்தினாலும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற உனக்கு இது கொலைக்குச் சமம். "உங்கண்ணன் நம்மளப் பிடிச்சுட்டுப் போக போலீஸ அனுப்புவான் பாரு" என்று தியோபால்ட் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

இங்கே மணியோசை கிடையாது. யாரும் யாரையும் விரட்டுவதும் கிடையாது. தலைவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. ஆனாலும் மத்தியானம் முப்பத்தொரு பேரும் சேர்ந்தாற்போல மேசைக்கு வந்துவிடுகிறோம். "பாத்தியா, உடம்புக்குன்னு ஒரு நேரம் இருக்கு, அத நாமதான் தொலச்சிருந்தோம்" என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மாமிசம் இல்லை, காப்பி இல்லை. கறுப்பு ரொட்டியும் மோரும்தான். காப்பிக்கு மட்டும் நாக்கு ஏங்குகிறது, இதை அவரிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

புதன்கிழமைதோறும் முட்டை கொண்டுவரும் பெங்கே அம்மாள்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பாள். க்ளோதில்ட் அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை
ரோஸ்விதா


1912 மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏன் இத்தனை நாளாகப் பதில் இல்லை என்று திட்டியிருக்கிறாய். எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலைக்கு எழுந்துவிடுகிறேன். என்ன வேலை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன்.

விடியற்காலையில் கண் விழிக்கிறோம். அறுபத்திரண்டு கால்களும் பலகைத் தரையில் ஒரே தடவையில் படுகின்றன. ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். முதல் வாரம் இர்மெலா அதற்குக் கைதட்டிச் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை, அவள் காலும் அதே சத்தத்தில் இருக்கிறது.

பெங்கே அம்மாளுக்கு நாக்கில் நரம்பே இல்லை. போன வாரம் முட்டைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏம்மா, நானும் பாக்குறேன், ஒருத்தரு தும்முனா எல்லாரும் சேந்து தும்முறீங்க. சேந்துதான் சாவீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், உண்மையாகவே அன்று சேர்ந்துதான் தும்மியிருந்தோம்.

லாம்ப்ரெக்ட் என்று ஒருவர். காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருஷம் எழுதிக் கை சுளுக்கிப்போய் இங்கே வந்தவர். சாது. இரண்டு வாரம் முன்பு, வாய்க்காலில் வழுக்கி விழுந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திவிட்டார். கஞ்சி பரிமாறியாயிற்று. எல்லோரும் கரண்டியைத் தூக்கினோம், வாய்க்குப் பாதி வழியில் கை நின்றுவிட்டது. யாரும் கோபப்படவில்லை, யாரும் அவரைத் தேடிப் போகவும் இல்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டும்வரை, தூக்கிய கை தூக்கியபடியே இருந்தோம். அவர் சேறும் சகதியுமாக உள்ளே வந்து எங்களைப் பார்த்தார். "எதுக்கு இப்பிடிப் பாக்குறீங்க, ஏதாச்சும் திட்டுங்களேன்யா" என்று அழ ஆரம்பித்தார். நாங்கள் திட்டவில்லை. அவர் உட்கார்ந்து தன் கரண்டியைத் தூக்கிய பிறகு சாப்பிட்டோம். அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் பிந்தியதில்லை, அழுததும் இல்லை.

அண்ணா, ஆலையில் முப்பது பேரைச் சேர்ந்தாற்போல எழுப்ப ஒரு சங்கு வேண்டியிருந்தது. இங்கே எங்களுக்கு அதுகூட வேண்டாம்.

இதை தியோபால்டிடம் சொன்னேன். "உனக்கு இன்னும் ஊர்ப் புத்தி போகல" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுப் பேச்சுப் பேசினார். மனிதன் மேல் ஒட்டிய முதல் சீட்டு அவன் பெயர்தானாம். பெயர் வந்ததால்தான் பட்டியல் வந்தது, பட்டியலுக்குப் பின்னால் எண், எண்ணுக்குப் பின்னால் ஆலை. ஆகவே வேரிலேயே கை வைக்க வேண்டும், பெயர்களை விட்டுவிட வேண்டும் என்றார். அவர் பேசினால் எதிர்த்துச் சொல்ல வாய் வராது, உனக்கே தெரியும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எல்லாம் சேர்ந்து எழுந்தன. நான் கூடாது என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் என் கையும் மேலே இருக்கிறது. நான் தூக்கவில்லை அண்ணா. சத்தியமாக நான் தூக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அண்ணியைப் பயமுறுத்தாதே. எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம்.

ரோஸ்விதா


1912 ஜூன் 19

அண்ணா,

இதை நான்கு தடவையாக உட்கார்ந்து எழுதுகிறேன். 'நான்' என்று எழுத வேண்டிய இடங்களில் 'நாங்கள்' என்று விழுந்துவிடுகிறது. அடித்துத் திருத்தியிருப்பது எல்லாம் அதுதான்.

இர்மெலா திரும்புவதில்லை. திங்கட்கிழமை ஆட்டுப்பட்டியில் நின்றிருந்தாள். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பத்தடி தூரம்தான். கத்திக் கூப்பிட்டேன், ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அவள் பார்க்கவில்லை. முன்னால் போய்த் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். மரியாதையாக, யாரோ ஒரு அம்மாளிடம் பேசுவதுபோல, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள். நான் பெற்ற பிள்ளை அண்ணா.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். வேலியைத் தாண்டி, சூரைப்புதர்களைத் தாண்டி, மண்பாதையில் அரை மைல் போயிருப்போம். ரயில் ஊதுகிற சத்தம்கூடக் கேட்டது, சிரிக்காதே, உன் நினைவு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அவள். கையில் கரண்டி. யாரும் வந்து எங்களைப் பிடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சாப்பாட்டு வேளை ஆகியிருந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையும் கிளம்பிப் பார்த்தேன். அன்றும் அப்படியே.

அவரிடம் போய் அழுதேன். உங்கள் பெண்ணை நீங்களே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும் என்றேன். வாயைத் திறந்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, பெயர் வரவில்லை. பிறகு என் காதருகே குனிந்து, "நிறுத்திரலாம்னு நானும் பாத்தேன். யாருகிட்டப் போய் நிறுத்தச் சொல்றது? இங்க மேல யாருமே இல்லியே" என்றார். ஆலையில் என்றால் நீராவியை மூட ஒரு மேஸ்திரியாவது இருப்பான். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார், களை எடுக்கிற நேரம். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

வருகிற திங்கட்கிழமை கோடைத் திருநாள். அன்று நெருப்பு மூட்டிச் சுற்றி வந்த பிறகு இங்கே இருக்கிற ஏழு குழந்தைகளையும் தனி வீட்டுக்கு மாற்றுகிறார்கள். அதற்குப் பின் யார் குழந்தை யாருடையது என்று கேட்கக் கூடாது. கேட்க எங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் சனிக்கிழமையே வா. பெங்கே அம்மாள் இப்போதெல்லாம் வேலிக்கு உள்ளே வருவதில்லை, "ஒங்க நாய்கூடக் கொரைக்க மாட்டேங்குது, நான் உள்ள வரல" என்கிறாள். ஆனால் நல்லவள். தன் வண்டியை உனக்குத் தருவதாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு உள்ளே வா. அடுத்த வேளை வருவதற்குள் ரயில் ஏறியிருக்க வேண்டும், இதை மறந்துவிடாதே. பெயர் சொல்லிக் கூப்பிடு. திரும்பாவிட்டாலும் தூக்கிக்கொள். உதைப்பாள், விடாதே. நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம், யாரும் உன்னை அடிக்க மாட்டோம், சும்மா பார்ப்போம். அந்தக் கூட்டத்தில் நானும் நின்று வேண்டாம் என்று சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. இப்போது சொல்வதுதான் நான் சொல்வது.

என்னையும் கூட்டிப்போ என்று கேட்க எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் உன்னால் ஒருத்தியைத்தான் தூக்க முடியும்.

அண்ணி அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். உனக்கு நேரம் தவறினால் பிடிக்காது, தெரியும். இருந்தாலும் என் குழந்தை சாப்பாட்டுக்குப் பிந்தி வந்தால் திட்டாதே அண்ணா. காத்திருக்கவும் செய்யாதீர்கள். நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். அவள் தெருவில் விளையாடிவிட்டு எப்போது பசிக்கிறதோ அப்போது வரட்டும்.

உன் தங்கை
ரோஸ்விதா ரோஸ்விதா ரோஸ்விதா