கரண்ட்டு சொல்லிட்டா போகும்?

இன்று காலை அந்தச் சிவப்பு சுவிட்ச் கையோடு வந்துவிட்டது. நம் சோதனை மேசைக்கு அடியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பலகையின் சுவிட்ச்தான். முதலில் உன் கட்டைவிரலும் பிறகு என் கட்டைவிரலும் தட்டித் தட்டித் தேய்த்தது. புதியது வாங்கிவர ஆள் போயிருக்கிறது. உடைந்ததைக் குப்பையில் போட மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூடு பட்ட பிளாஸ்டிக் வாசம் லேசாக அடித்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். நிபோங் திபாலில் இருக்கும் உன் வீட்டிலிருந்து பாலம் கடந்து, ஜாமைத் திட்டிக்கொண்டே, எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றைத் தாப்பாவ் பண்ணி, பொட்டலத்தோடு.

கிளினிக்குகளின் கணினிகளுக்குப் போகும் சேமிப்புப் பெட்டி நம் கம்பெனியுடையது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் அதில் கோப்புகளாகக் கிடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், உள்ளே இருக்கும் படம் பிழைத்தால் மட்டும் போதாது. அந்தக் கோப்பின் பெயர், அது யாருடையது, எப்போது எழுதப்பட்டது என்ற விவரங்களும் பிழைக்க வேண்டும். அதைச் சோதிப்பதுதான் நம் இருவருக்கும் சோறு போட்ட வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேலி செய்த என் வீட்டுக்காரருக்கு நீதான் விளக்கினாய்: "சமையக்கட்டுல டப்பா எல்லாம் பத்திரமா இருக்குண்ணே. ஒட்டுன சீட்டு மட்டும் உதிர்ந்து போச்சு. இப்ப எது மிளகாத்தூள், எது மசாலாத்தூள், சொல்லுங்க பாப்போம்."

சோதனைக் கோப்புகளுக்கு எல்லாரும் எண் போடுவார்கள். நீ ஆள் பெயர் வைத்தாய். நமக்கு நூடுல்ஸ் வறுத்துத் தரும் மீ கோரிங் அண்ணன், கேட்டில் நிற்கும் காவல்காரர், டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீட்டு அக்கா என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். "நம்பர் காணாம போனா யாருக்குலா வலிக்கும்?" என்றாய். உன் பெயரைப் பட்டியலின் கடைசியில் போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "நான் எப்பவும் லேட்டுதானே, ஜாம்" என்றாய். மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி போட்டு, பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறும்போது, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல.

என் தவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கையால் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து, பெட்டியைத் தானாக நிறுத்தி எழுப்பும் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு வாரம் ஓடியது. ஒரு கோப்புகூடக் கெடவில்லை. தலை கால் புரியாமல் எல்லாருக்கும் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். நீ மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, பிளக்கைப் பிடுங்கினாய். திரும்பப் போட்டபோது பதினோரு கோப்புகளின் விவரங்கள் குழம்பிக் கிடந்தன. என் புரோகிராம் பெட்டியிடம் 'நிறுத்தப் போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. அதுவும் அரைகுறை வேலையையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக நின்றிருக்கிறது.

"கரண்ட்டு சொல்லிட்டா போகும்?" என்றாய்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. ஆனால் அப்போதைய மேனேஜர் யார் செய்த தப்பு என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்பே, "நாங்கதான் சார், ரெண்டு பேரும்" என்றாய். பிறகு மின்சாரத்தை நிஜமாகவே வெட்டும் கருவி ஒன்றைச் செய்தோம். அப்போதும் கடைசி நூறு தடவை கையால்தான் என்று சட்டம் போட்டாய். அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

நீயும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், காலையில் எழவில்லை. இதயம் என்றார்கள். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

நீ போன பிறகு, உன் வீட்டுக்காரர் நீ அவருக்கு அனுப்பிய குரல் செய்திகளைப் போனிலிருந்து கணினிக்கு மாற்றியிருக்கிறார். பாதியில் இடி, மழை, மின்வெட்டு. கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் எப்படியோ குரல்களை மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் கோப்புகளின் பெயரும் தேதியும் போய்விட்டன. உன் வீட்டுக்கார அண்ணன் அவற்றை என்னிடம் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: "கிளம்பிட்டேன், பாலத்துல ஜாம், சோறு வச்சிருங்க."

"இதுல கடைசியா அனுப்புனது எது தங்கச்சி? நீங்க இந்த வேலைதானே பாக்குறீங்க?"

இரண்டு நாள் முயன்றேன். "தெரியலண்ணே" என்று சொல்லத்தான் முடிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

போன மாதம் நம் பெட்டியின் புதிய பதிப்பு வந்தது. பல ஆயிரம் துண்டிப்புகளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கோப்பு பிசகியது. மீ கோரிங் அண்ணன் வந்துவிட்டார், உள்ளே இருந்தது பத்திரம். யாருடையது என்ற இடம் மட்டும் காலி. புது மேனேஜர் கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரர், நல்ல மனிதர்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா. திரும்ப ஓட்டுனா பாஸாயிரும்லா. வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும், கையெழுத்து போட்ருங்க."

"அந்த ஒண்ணு யாருக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"கிளினிக்குல எல்லாம் பேக்கப் இருக்கும்க்கா."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நான் போடமாட்டேன். வேணும்னா என்னை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்க."

அவர் மேலே போய்ப் பேசி இரண்டு வாரம் வாங்கி வந்தார். துண்டித்துத் துண்டித்து அதைப் பிடித்தேன். கோப்பின் பெயரும் உரிமையாளரும் அடுத்தடுத்து மாறும்போது, இடையில் உள்ள அந்தக் கண நேரத்தில் மின்சாரம் போனால் மட்டும் வரும் பிழை. நேற்றுத் திருத்தினார்கள். இன்று உன் சட்டப்படி கடைசி நூறு. அறுபத்தெட்டாவது தடவை தட்டியபோதுதான் சுவிட்ச் உடைந்தது.

பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடலாமா என்று புதிதாக வந்தவர்கள் மரியாதையோடு கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்றேன்.

புது சுவிட்ச் வந்தது. உடைந்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மீதி முப்பத்திரண்டையும் தட்டினேன். நூறாவது தடவை விளக்கு அணைந்து எரிந்தது. காவல்காரர் வந்தார், பக்கத்து வீட்டு அக்கா வந்தார், மீ கோரிங் அண்ணன் தன் விவரங்களோடு வந்தார். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழப் போனார். "இருங்க தம்பி, இன்னும் ஒரு ஆளு வரணும், அவ எப்பவும் லேட்டு" என்றேன்.

உன் பெயர் வந்தது. யாருடையது, எப்போது எழுதியது, எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.