சுவருக்கு வெளியே விரித்த பந்தி

ஆழியையும் அதன் கரையையும் படைத்து, வானத்துப் பறவைக்கும் வயலின் பூவுக்கும் வேளையறிந்து அளிக்கிற பரம பிதாவே, உமது திருநாமத்துக்கே மகிமை உண்டாவதாக. நினைக்கும் நெஞ்சையும் எழுதும் கையையும் நீரே தாங்கியருளும்.

மரியாதைக்குரிய மதினி,

காலைச் செபம் முடித்து எழுந்தபோது, உடைமர விறகின் புகை சன்னல் வழியே வந்தது. கோயில் வளாகத்தில் அசனத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டார்கள். நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின் வருகிற முதல் அசனம் இது. "இன்னும் என்ன தம்பி புஸ்தகம், வந்து அரிசியக் களைங்க" என்று வாசலில் நின்று அதட்ட ஆளில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆண்டுக்கொருமுறை வீட்டுக்கு வீடு நேர்ந்துவிட்ட ஆடுகளையும் அரிசியையும் கொண்டுவந்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உண்பதுதான் நம் சபையின் அசனம். அவரவர் ஆட்டை அவரவரே கோயில் முற்றத்தில் அறுப்பார்கள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிமிர்வு உண்டு. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்தில் வயல் காய்ந்த சம்சாரிகள் பிள்ளைகுட்டிகளோடு நம் கரைக்கு வந்தார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டு, வலை இழுக்கவும் கருவாடு சுமக்கவும் கூலிக்குப் போனார்கள். கூலி கிடைக்காத நாளில் அவர்கள் அடுப்பு எரியாது.

சபையாருக்கு மனமில்லாமல் இல்லை. அந்த ஆண்டு அசனத்துக்கு யாவரும் வரலாம் என்று ஓர் அறிவிப்பு எழுதி வாசலில் ஒட்டினோம். செந்தமிழில் அதை இயற்றியவன் அடியேன். கதவை அகலத் திறந்து வைத்தோம். குடிசைகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. பின்தெரு முஸ்லிம் வீடுகளிலிருந்தும் வரவில்லை. மிஞ்சிய சோற்றைப் பார்த்து நம் சபை மூப்பர், "கதவத் தொறந்தோம், வரல. இனி நம்ம மேல குத்தமில்ல" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் மட்டும் அதை ஏற்கவில்லை. மறுநாளே பின்தெருப் பாத்திமா ராத்தாவிடம் போய் நின்றீர்கள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள்.

"ஏன் ராத்தா, எங்க சோறு கசக்குமா?"

"வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வந்துச்சு அக்கா. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க முறைப்படி அறுக்காத கறிய நாங்க எப்படிக்கா திங்க?"

குடிசைப் பக்கம் போனோம். அங்கே ஒரு பெரியவர், பெரிய காளி என்று பெயர், மறைக்காமல் சொன்னார்: "உள்ள உக்காத்தி வச்சு ரொம்ப நேரம் பிரசங்கம் சொல்லுவாகளாம். தின்னுபுட்டா வேதத்துல சேந்த கணக்காம். பசிக்குது தாயி, அதுக்காகச் சாமிய மாத்தவா?"

திரும்பும் வழியில் நீங்கள் ஓரிடத்தில் நின்று, "தம்பி, அவுக திங்க முடியாத சோத்த, அவுக வர முடியாத எடத்துல வச்சுக்கிட்டு, வரலைங்கிறோம்" என்றீர்கள். நெய்தல் நிலத்துக்கு இரங்கலே உரியது என்று நான் இலக்கணம் எடுத்துச் சொன்னேன். "இரங்குனது போதும். அடுத்த அசனத்துக்கு வழியச் சொல்லுங்க" என்றீர்கள்.

அடுத்த அசனம் நெருங்கியபோதும் குடிசைகள் அங்கேயேதான் இருந்தன. சபைக் கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லாத காலம் அது. வாசற்படியில் நின்றபடியே கேட்டீர்கள்: பந்தியைச் சுவருக்கு வெளியே தெருமணலில் விரிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் கூடாது, ஆடுகளைப் பள்ளிவாசல் லெப்பை அறுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் முனகினார்கள். மூன்றாவதற்கு மூப்பர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கர்த்தருக்கு நேர்ந்த ஆட்ட வேற ஆளு ஓதி அறுக்கவா? என்ன பேச்சும்மா இது?"

"அய்யா, பாம்பன் சந்தையில கிழமை தவறாம கறி வாங்குறீகளே, அங்க யாரு அறுக்காக? நம்ம உபதேசியாரா?"

கூட்டம் சிரித்துவிட்டது. மூப்பருக்கும் சிரிப்பில் மீசை துடித்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. கறிக்கடை வேறு, நேர்ச்சை வேறு என்றார். கடைசியில், "செஞ்சு பாருங்க. ஆனா ஒண்ணு. இந்த வருசமும் அவுக வரலைன்னா, வெளியாளக் கூப்புடுற பேச்சே இனி இந்தச் சபையில எடுக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். கூட்டத்தை நடத்திய குருவானவர் உங்களைப் பார்த்தார். "சரி" என்றீர்கள். யோசித்துச் சொல்லக்கூடாதா என்று எனக்குப் பதறியது.

மறுநாளிலிருந்தே வீடு வீடாக நடந்தோம். ஆட்டைத் தருகிறோம், அறுக்கும் உரிமையைத் தரமாட்டோம் என்றார்கள் பலர். கடையில் விற்கிற எதையும் கேள்வியின்றிப் புசிக்கலாம் என்று அப்போஸ்தலன் சபைக்கு எழுதியதை நான் விளக்கினேன். நீங்களோ கிணற்றடியில் பெண்களோடு பேசினீர்கள். எதற்கு மனம் இளகினார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியும் சில வீடுகள் ஆட்டைத் திரும்பக் கொட்டிலில் கட்டிவிட்டன.

அசனத்தன்று லெப்பை வந்து ஓரமாக நின்றார். அவருக்கும் கூச்சம். ஒருவரும் முன்வரவில்லை. விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்த உங்கள் மூத்த மகனுக்காக நேர்ந்த வெள்ளாட்டுக் கிடாயை, அவனையே பிடிக்கவைத்து நீங்கள் அழைத்து வந்தீர்கள். அதை அறுக்க உரியவன் அவன்தான். அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கி லெப்பையிடம் நீட்டினீர்கள்.

"எம் பிள்ளை உசுருக்கு நேர்ந்தது பாய். மொதல்ல எங்க ஐயரு தோத்திரம் சொல்லட்டும். பொறகு நீங்க ஒங்க முறைப்படி செய்யுங்க."

குருவானவர் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். லெப்பை தலைகுனிந்து நின்று கேட்டுவிட்டு, தம் கடமையைச் செய்தார். அதன்பின் ஒவ்வொருவராகக் கயிற்றைக் கொடுத்தார்கள்.

நண்பகலில் தெருமணலில் இலை விரித்தோம். பின்தெருப் பெண்கள் பாத்திமா ராத்தாவுடன் வந்து அமர்ந்தார்கள். ஆனால் குடிசைக்காரர்கள் தண்டவாளத்தருகிலேயே நின்றார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மூப்பரின் நிபந்தனை எனக்கு நினைவு வந்தது. நீங்கள் அகப்பையோடு நேராக அவர்களிடம் போனீர்கள். பெரிய காளி கேட்டார்:

"தின்னுபுட்டு நாங்க என்ன தாயி சொல்லணும்?"

"உப்பு கூடவா கொறையவான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பின்னால் திரும்பி, "ஏலே, புள்ளைகளக் கூட்டியாங்கடா" என்றார். அன்று உண்டவர்களுக்குச் சோறு பத்தாமல், நம் சபைப் பெண்கள் இரண்டாம் உலை வைத்தார்கள். கை கழுவும்போது பெரிய காளி, "ஒறப்புத்தான் தாயி கொஞ்சம் கூட" என்றார். நீங்கள் சிரித்த சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும்.

மூப்பர் வரவில்லை. அவர் வீட்டுக்கும் தூக்குவாளியில் கொண்டுபோனீர்கள். மூடியைத் திறக்காமலே வைத்திருந்ததாகப் பின்னர் அறிந்தோம். ஆயினும் சொன்ன சொல் தவறாத மனிதர். வெளியாரைக் கூப்பிடுவதை அதன்பின் அவர் எதிர்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஆடு தரவில்லை, அரிசி மட்டும் தந்தார். மழை பெய்து குடிசைகள் கலையும்வரை, நம் பெண்கள் முறைவைத்து அங்கே கஞ்சி கொண்டுபோனார்கள். சுவருக்குள் அடங்கியிருந்த சபை தெருவில் நடக்கக் கற்றது அப்போதுதான்.

இவ்வாண்டு என்னோடு கமிட்டியில் புதியவர்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். தொழுநோயாளர் குடியிருப்பில் வாரந்தோறும் ஓர் ஆராதனை நடத்த வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்களில் யாரேனும் அங்கே போய் என்ன வேண்டுமென்று கேட்டீர்களா என்றேன். ஒருவரும் போயிருக்கவில்லை. கேட்டு வரும்வரை தீர்மானத்தில் கையொப்பமிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று அவர்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை இருவர் போக ஒப்புக்கொண்டார்கள். முழங்கால் வலி இருந்தாலும் நானும் அவர்களோடு போகிறேன். கொடுக்குமுன் கேள் என்பதே நீங்கள் என்னிடம் விட்டுச்சென்ற உபதேசம். என் மூச்சுள்ளவரை இந்தச் சபையை அதிலிருந்து விலக விடமாட்டேன்.

இம்மடலை வாசிப்பவரே, உமது வீட்டு உலை என்றும் காயாதிருப்பதாக. உமது மக்களும் மக்களின் மக்களும் அயலாரின் பசியறிந்து வாழ்வார்களாக. கரையோரம் நடந்து பசித்தோருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், உமது வாசலிலும் வந்து தங்குவாராக. ஆமென்.