சவுந்தரத்தின் பெயரில் ஒரு பூ

1931 ஏப்ரல் 9
புதுச் செடிகளின் பெயர்கள் அச்சாகும் புத்தகம் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டது. போன வருடம் கொடிமலையில் நான் பறித்த ஆர்க்கிட்டுக்கு, நான் கெஞ்சியபடியே, என் மனைவி பெயரை வைத்துவிட்டார் நான் வேலை பார்க்கும் தாவரத் தோட்டத்துத் துரை. செடிக்கு இரண்டு சொல்லில் பெயர். முதலாவது குலத்துக்கு, இரண்டாவது அந்தச் செடிக்கு மட்டும். இரண்டாவதில் லத்தீன் வாலோடு சவுந்தரம் உட்கார்ந்திருக்கிறாள்.
“பூசையில சாமியார் சொல்ற பாஷையிலயா எம் பேரு?” மூன்று தடவை கேட்டாள்.

ஏப்ரல் 12
பூசை முடிந்து நான் செருப்பு மாட்டுவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோர் வீட்டுக் குழம்புக்கும் உப்புப் பார்க்கிற ஐரீன் அக்கா, மணக்குமா என்று கேட்டாள். ‘இனிய மணம்’ என்று அச்சிலேயே இருக்கிறதே. அன்று மலையிலிருந்து வேரோடு கொண்டுவந்து துரையின் தோட்டத்தில் வைத்த செடி மொட்டு விட்டிருக்கிறது. இருபத்தாறாம் தேதி பார்க்க வரச்சொல்லி அத்தனை பேரையும் அழைத்துவிட்டாள் சவுந்தரம்.

ஏப்ரல் 24
பூத்தது. கிட்டே போக முடியவில்லை. மூன்று நாள் கிடந்த மீன்! ஈக்களுக்குத்தான் திருவிழா.
பறித்த அன்று எனக்கு ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. பதிவுக்காகச் செடியைத் தாளில் அமுக்கிக் காயவைத்தால் மணம் போய்விடும். பறித்தவன் எழுதுகிற குறிப்புதான் சாட்சி. அவள் பெயர் வைக்கப்போகிற பூவாயிற்றே என்று ‘இனிய மணம்’ என நானே எழுதித் தொலைத்தேன். அடப்பாவி, உன்னை யாருடா கேட்டது?

ஏப்ரல் 25
துரையிடம் ஒப்புக்கொண்டு, வேறு பெயர் வைக்கச் சொன்னேன். சிரித்தார். மணத்தைத் திருத்தலாமாம். முறைப்படி அச்சேறிய பெயரை, பொருந்தவில்லை என்பதற்காக வைத்தவரே மாற்ற முடியாதாம். உலகத்துச் செடிக்காரர்கள் கூடிப் போட்ட விதி.
நாளை ஊர்ப்பெண்கள் முன்னால் அவள் முகம் என்னாகும்? பேசாமல் பூவைக் கிள்ளிவிட்டால்? காம்பில் கை வைத்தேன். அவள் பெயர் உள்ள பூ — மனசு வரவில்லை.

ஏப்ரல் 26
பதினோரு பேர், பட்டும் பவுடருமாக. பத்தடி தூரத்திலேயே முந்தானைகள் மூக்குக்குப் போயின.
“ஏன் சவுந்தரம், உம் பேருக்கு இதான் கெடச்சுதா?” என்றாள் ஐரீன் அக்கா.
சவுந்தரம் நேரே போய் முகர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கடைப்பு, பொய், விதி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.
“அப்ப இந்தப் பேர யாராலயும் எடுக்க முடியாதா?”
“துரையாலயே முடியாது.”
“நாம செத்தப்புறமும்?”
“அப்பவும்.”
“கேட்டீங்களாக்கா? கல்லறைல வெட்டுன பேரே அழிஞ்சு போவுது லா,” என்று இடுப்பில் கை வைத்து நின்றாள்.
எல்லோரும் முந்தானையை இறக்கிச் சிரித்தார்கள். கிளம்பும்போது ஐரீன் அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். மலையில் இன்னும் பெயர் வைக்காத செடி இருக்கிறதா? நாறினாலும் பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 2
மறுபடி பூத்திருக்கிறது. தோட்டக்கார முனுசாமி எனக்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்கிறான். வாசலுக்கு வந்தால், தலையில் பூவும் புதுச் சேலையுமாக ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு.