கூடாரத்துக்குப் போய்ச் சொன்னது

யூலை 11, வெள்ளி. தொண்டைமானாறு.

சோளகக் காற்று. காலையிலிருந்து ஒரே வீச்சு. கூடாரத்தின் நான்கு மூலைகளில் மூன்று தரையில். நான்காவது தன் இஷ்டம்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் பலகை: "ஆற்றங்கரை வன முகாம்". சரிபார்த்ததில்:

ஆறு - இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்பது நாலாம் வகுப்புப் பாடம். இது கடல்நீரேரி. யூலை மாதத்தில் முழங்காலளவு, உப்பு.

வனம் - இல்லை. கோடு பிடித்து நட்ட சவுக்கு. கரையில் கொஞ்சம் கண்டல், கொஞ்சம் தாழை. உரிமையாளர் தெரியாத ஒரு மாடு.

முகாம் - உண்டு. அதில் பொய் சொல்லவில்லை.

எங்கள் வயதுக்காரர் முகாமில் இருந்தது போரில் இடம்பெயர்ந்து வேறு போக்கிடம் இல்லாதபோது. அறுபத்து மூன்று வயதில் விரும்பி வந்து படுப்பது இதுதான் முதல் தடவை என்று கமலாவிடம் சொன்னேன். "அங்கை நுளம்பு வலையாவது தந்தவங்கள்," என்றாள். மனைவியின் நகைச்சுவை என்னுடையதைவிடக் கட்டுக்கோப்பானது. பல வருஷமாகவே.

வந்த காரியம்: மகள் துளசிக்கு ஆவணியில் கலியாணம். பெண்ணின் தலையில் பால் அறுகு வைத்துத் தோய வார்க்கும்போது தேங்காய் உடைக்கத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் என்றால் கமலாவின் அண்ணன். ஒஸ்லோவில் இருபத்தெட்டு வருஷம். இந்தக் குறிப்பில் அவர் பெயர் நோர்வே. ஊர் வீட்டை விற்றுவிட்டார். விடுமுறைக்கு வந்தால் இப்படி எங்காவது இயற்கையோடு இருப்பார். எனக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகக் கதை இல்லை.

காரணம், பதிவுக்காக. தன் மகனின் கலியாண அட்டையை எனக்குச் சந்தியில் வைத்து, கார் யன்னலால் நீட்டினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, இருந்து, வாயால் சொல்ல வேண்டும். சந்தியில் தருவது துண்டுப் பிரசுரம். நான் போகவில்லை. கமலாவையும் போக விடவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன், அவருக்கு ஒரே மகன்.

இந்தமுறை அவள்தான் முதலில் தொலைபேசி எடுத்தாள். "இஞ்சை வந்து நாலு நாள் நில்லுங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்று பதில். நான் மறுத்தேன். கமலா கறிக்கு உள்ளி உரித்தபடி சொன்னாள்: "அண்ணை வராட்டில் நான் மணவறைப் பக்கமே வரமாட்டன். நீங்கள் தனிய நிண்டு தாரை வார்த்துக் குடுங்கோ."

தனியாகத் தாரை வார்க்க முடியாது. ஐயரிடம் விசாரித்துவிட்டேன்.

அவர்கள் மூன்றாம் கூடாரம். நாங்கள் நான்காம். இடையில் பதினாறு அடி. இன்று நடந்தது ஒரு தலையசைப்பு. இரு பக்கமும் சம அளவு.

யூலை 12, சனி

முதுகு. முதுகு. முதுகு.

கழிப்பறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வாழ்க்கையை நடத்த வேண்டும்.

உணவுக் கொட்டிலில் அறிவிப்பு: "இயற்கைக்கு உணவளிக்க வேண்டாம்." காகங்கள் வாசிக்கவில்லை. என்னுடைய அவித்த முட்டை போயிற்று.

முகாம் பொறுப்பாளர் தொப்பியும் விசிலுமாக வந்தார். முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவருக்கு அங்கிள்.

"அங்கிள், கண்ணை மூடிக் காட்டைக் கேளுங்கோ."

"என்ன சொல்லுது?"

"அமைதி, அங்கிள்."

அவருக்குப் பின்னால் ஜெனரேட்டர்.

பத்தரைக்கு இராகு காலம் முடிந்தது. பட்டு வேட்டி. கமலா கூறைக்கு அடுத்த தரத்துச் சேலை. தட்டத்தில் சந்தனம், குங்குமம், வெற்றிலை, அட்டை. பதினாறு அடிப் பயணம். பாதிவழியில் காற்று வெற்றிலையைக் கொண்டுபோயிற்று. கமலா சவுக்குகளுக்கிடையே ஓடிப் பிடித்துவந்தாள். மற்றக் கூடாரத்துக் கொழும்புப் பெடியள் இதுவும் நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

நோர்வே மடக்குக் கதிரையில். கட்டைக் காற்சட்டை. முழங்காலில் வெயில் எரிந்த சிவப்பு.

"மச்சான், துளசிக்குக் கலியாணம். நீங்கள் குடும்பமா வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

நன்றாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தது.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தார்.

"இது வீடே மச்சான்?"

"இல்லை."

"முறையெண்டால் வீட்டை வந்தல்லோ சொல்லவேணும். முறை நீங்கள் எங்களுக்குப் படிப்பிச்சதுதானே."

"உங்கடை வீடு எங்கை?"

"ஒஸ்லோவிலை. மூண்டாம் மாடி. லிஃப்ட் இருக்கு, பயப்பிடாதேங்கோ."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ," என்றாள் கமலா.

"பகிடியில்லைப் பிள்ளை. உன்ரை மனிசனைக் கேள். சட்டம் முழுக்க அவரிட்டைத்தான் இருக்கு."

சட்டப்படி அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல். தட்டத்தோடு திரும்பினோம். குங்குமத்தில் மணல்.

அதன்பிறகு கமலா என்னோடு பேசியவை, முழுமையாக: "தேத்தண்ணி." "இல்லை." "தள்ளுங்கோ."

யூலை 13, ஞாயிறு

வெக்கை. காற்றும் வெக்கையாகவே அடிக்கிறது.

காலை நிகழ்ச்சி "வனநடை". சவுக்கு வரிசையை நாற்பது நிமிடம் சுற்றினோம். அதே மாட்டை மூன்று தடவை கண்டோம். மூன்றாம் தடவை அது எழுந்து போய்விட்டது. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

வள்ளச் சவாரி ரத்து. தண்ணீர் போதாது.

நோர்வே எனக்குக் கேட்கும்படி கொழும்புப் பெடியளிடம்: "அங்கை எங்களுக்குக் காடெண்டால் காடு." அப்படியென்றால் அங்கேயே இருந்திருக்கலாம்.

மத்தியானம் குழாயடி. நோர்வேயின் மனைவி சாந்தி துவாய் பிழிந்துகொண்டிருந்தார். கமலா கோப்பை கழுவினாள். நான் வாளியோடு என் முறைக்கு நின்றேன். சாந்தி சண்டைக்காரர் அல்ல. சும்மா பேச்சுவாக்கில் என்னிடம் ஆரம்பித்தார்.

"அண்ணை, நீங்கள் சந்தியிலை தந்ததையே சொல்லுறியள். அதுக்கு முதல் நாள் நாங்கள் ரெண்டுபேரும் உங்கடை வீட்டை வந்தனாங்கள். தட்டத்தோடை. வாசல் படலை பூட்டு. கால் மணித்தியாலம் வெயிலுக்கை நிண்டு ஹோர்ன் அடிச்சனாங்கள். அடுத்தநாள் கொழும்புக்கு வெளிக்கிடவேணும். சந்தியிலை உங்களைக் கண்டது எங்கடை அதிட்டம் எண்டு நினைச்சம்."

கமலா குழாயைப் பூட்டினாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே மச்சாள்."

"என்னத்தைச் சொல்லுறது? நீயும் உள்ளுக்கை இருந்துகொண்டு திறக்கேல்லை எண்டு இவர் நினைச்சார். அந்தக் கோவத்திலைதான் உன்னோடையும் கதைக்காமல் விட்டவர்."

"நானோ? நான் அண்டைக்குக் கோயில் அன்னதானத்திலை. பின்னேரம்தான் வந்தனான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் எங்கை?"

"நூலகத்திலை," என்றேன்.

ஓய்வுபெற்ற நூலகருக்குப் பொருத்தமான பொய். கமலா என்னையே பார்த்தாள். நான் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் வீட்டில்தான் இருந்தேன். படலையை உள்ளாலே பூட்டியவனும் நான்தான். ஹோர்ன் கேட்டது. யார் என்றும் தெரிந்தது. மடியில் ஒரு புத்தகம், இருபது பக்கம் மிச்சம். திறந்தால் இரண்டு மணித்தியாலம் நோர்வேயின் வரி, நோர்வேயின் பனி, நோர்வேயில் பஸ் நேரத்துக்கு வருவது. மின்விசிறி கிறீச்சிடும் என்று அதை நிற்பாட்டினேன். கால் மணித்தியாலம் வேர்த்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கார் போயிற்று. அடுத்தநாள் சந்தியில் அவர் அட்டையை நீட்டியபோது எனக்கு ஒரு கொள்கை கிடைத்தது.

புத்தகம் அவ்வளவு நல்லதுமில்லை.

யூலை 14, திங்கள்

காற்று இன்னும். கூடாரத்தின் நான்காம் மூலையைக் கல் வைத்து அடக்கினேன். நாலு நாளில் செய்த ஒரே உருப்படியான வேலை.

ஒன்பதேகாலுக்கு நோர்வே தானாகவே எங்கள் கூடாரத்துக்கு வந்தார். நீளக் காற்சட்டை போட்டிருந்தார். நானும் சட்டைப் பொத்தானைப் போட்டேன். சாந்தி பின்னால். கமலா கயிற்றில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், வீடு, கூடாரம் எல்லாத்தையும் விடுங்கோ. ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீங்கள் உள்ளுக்கை நிண்டனீங்களோ?"

"இப்ப ஏன் அது?"

"படலைக்கு மேலாலை எட்டிப் பாத்தனான். வாசல்லை செருப்புக் கிடந்தது. ஆக்கள் உள்ளுக்கை எண்டு அப்பவே தெரியும். ஆறு வருஷமா என்ரை தங்கச்சியும் உள்ளுக்கை இருந்தவள் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அம்மாவின்ரை ஆண்டுத் துவசத்துக்குக்கூட இவளுக்குப் போன் எடுத்துக் கதைக்கேல்லை." கமலாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நூலகம் எண்டால் நூலகம் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. கதை முடிஞ்சுது, நாங்கள் பிளேன் ஏறிறம். உள்ளுக்கை எண்டால் அதைச் சொல்லுங்கோ. நான் வந்து தேங்காய் உடைக்கிறன்."

தயாராக இருந்த பதில்கள்:

அ. என்னிடம் இரண்டு சோடிச் செருப்பு உண்டு. (உண்மை.)

ஆ. ஆறு வருஷம் ஆயிற்று, ஞாபகம் இல்லை.

இ. கேள்வியே முறையில்லை.

மூன்றும் நல்ல பதில்கள். எதைச் சொன்னாலும் நான் தப்பிவிடுவேன், துளசிக்கு மாமன் இல்லை. கமலா ஒரு சேலையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேலும் மடிக்க இடமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறுப்பாளர் விசிலோடு வந்து எட்டிப் பார்த்தார். "அங்கிள்மார், குருவி பாக்க வாறியளே?"

ஒருவரும் திரும்பவில்லை. அவர் போய்விட்டார். நல்ல மனிதர்தான் என்று அப்போது தோன்றியது.

"ஓம்," என்றேன். "உள்ளுக்கைதான் இருந்தனான். ஹோர்ன் கேட்டது. கமலா வீட்டிலை இல்லை. அவளுக்குத் தெரியாது."

"ஏன் மச்சான்?"

"வாசிச்சுக்கொண்டிருந்தனான்."

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம். தேடினேன், இல்லை.

நோர்வே சிரிப்பார் அல்லது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. தட்டத்தைத் தானே எடுத்தார். அட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். "வாறம். ரெண்டு நாளைக்கு முதலே வந்து நிக்கிறம்." பிறகு கமலாவின் தலையில் கை வைத்து, "பிள்ளை," என்றார். கமலா அழுதாள். அது அவருக்காக. என் பக்கம் அழவில்லை.

அந்த மனிதரை வெறுக்க ஆறு வருஷம் உழைத்திருக்கிறேன். இன்று காலை எல்லாம் வீண்.

பன்னிரண்டு மணிக்குக் கமலா தன் பையின் சிப்பை இழுத்தாள்.

"எங்கை?"

"அண்ணையோடை. அவை இனி அச்சுவேலியிலை, சாந்தி மச்சாளின்ரை தமக்கை வீட்டிலை நிக்கினம்."

"எப்ப வருவாய்?"

"அண்ணையின்ரை பெடியன்ரை கலியாணத்துக்கு நான் போகேல்லை. ஏனெண்டு கேட்ட சனத்துக்கெல்லாம் முறை, முறை எண்டு உங்களுக்காக நான் வழக்காடினனான். ஆறு வருஷம்." குரலை உயர்த்தவேயில்லை. "நான் இப்ப அண்ணை பக்கத்து ஆள். எனக்கும் வீட்டை வந்து முறையாச் சொல்லுங்கோ. வாறதோ எண்டு பாப்பம்."

அவர்களை ஏற்றிக்கொண்டு வான் போயிற்று. மாடு திரும்பி வந்து கூடாரத்துக்கு முன்னால் படுத்தது. நான் போகும் வரைக்கும் எழும்பவில்லை.

யூலை 15, செவ்வாய். பண்டத்தரிப்பு. வீடு.

வெயில். இரண்டு பஸ். செருப்புக்குள்ளும் காதுக்குள்ளும் மணல். பாண், நேற்றையது.

கொழும்பிலிருந்து துளசி தொலைபேசி எடுத்தாள். ஒரே கும்மாளம்.

"அப்பா! மாமா என்னோடை கதைச்சவர். வாறாராம்! என்னெண்டு சம்மதிக்க வைச்சனீங்கள்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னன்."

"அவ்வளவுதானோ? அம்மாட்டைக் குடுங்கோ."

"அம்மா மாமாவோடை நிக்கிறா."

"எப்ப வருவா?"

"சொன்னால் வருவா."

"அப்ப சொல்லுங்கோவன்," என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை போலும்.

மத்தியானம் கழுவ வேண்டியது ஒரு கோப்பை.

அட்டைப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அழைப்பவர்கள் வரிசையில் என் பெயர், அதற்குக் கீழே அவள் பெயர், பொன் எழுத்தில். உறையின் மேல் அவள் பெயரை எழுதினேன்.