அண்ணிக்கு உப்புத் தண்ணீர் ஸ்கேன்

ஜூலை 8, செவ்வாய்

அண்ணியின் கைப்பையில் புது நாப்கின் பாக்கெட். அவள் தலைக்குக் குளித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையிலேயே வெயில்.

"இன்னா பாக்கற? ஸ்கேனுக்குதான்."

வியாழக்கிழமை வேலூர் போகிறாளாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது இல்லை. கீழ்வழியாக மெல்லிய குழாய் விட்டு, கர்ப்பப்பைக்குள் உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பார்கள். முடிந்ததும் தண்ணீர் வழியும். அதற்கு நாப்கின்.

அண்ணிக்கு இரண்டு முறை மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் லீவு இல்லை. அம்மா வரமாட்டாள். "நீ வர்றியா கவி?" தலையாட்டினேன்.

ஜூலை 9, புதன்

ஷூ கம்பெனியில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர்: "பேசாமடந்தைக்கு லீவு கேக்க மட்டும் வாய் வருதா?" பக்கத்து மிஷின் நஸ்ரின் சிரித்துவிட்டாள். எதற்கு லீவு என்று சொல்லவில்லை.

எடுத்து வைத்தது: பழைய ரிப்போர்ட், வலி மாத்திரை (சாப்பிட்டுவிட்டு, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்), தண்ணீர் பாட்டில், துண்டு.

அம்மா வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம்: "நாம இன்னா பண்றது, அவ வயித்துல தங்கமாட்டேங்குது." உள்ளே அண்ணி பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

ஜூலை 10, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர். ஸ்கேன் சென்டரில் கூட்டம். சிஸ்டர் எல்லார் எதிரிலும் கேட்டார்: "கடைசியா எப்ப ஆச்சி?"

"ரெண்டாம் தேதி" என்றாள் அண்ணி.

"ஒம்போதாம் நாள். சரி, உக்காரு."

இரண்டாம் தேதி குளித்த தேதி. ஆனது அதற்கு முந்தைய சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்தால்தான் அடுப்படிக்கு வரலாம். அதுவரை நான் சமைத்தேன், அதனால் தெரியும். யாரும் ஆன நாளைச் சொல்வதில்லை. குளித்த நாள்தான் கணக்கு.

 அண்ணியின் பேரைக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன். "சிஸ்டர், அது குளிச்ச தேதி."

"இன்னா? சத்தமா சொல்லு."

சொன்னேன். இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"குளிச்ச தேதியா! தெனம் ரெண்டு பேராவது இப்டி வர்றீங்கம்மா. ரத்தம் பட்ட மொத நாள்லேர்ந்து எண்ணணும். பத்து நாளுக்குள்ள பண்ணணும். இப்ப பதிமூணு ஆய்டுச்சி. ஒருவேள கரு தங்குற மாதிரி இருந்தா, தண்ணி விட்டா இன்னா ஆவும்? அடுத்த மாசம் ஆனதும் போன் பண்ணு."

பஸ்ஸில் அண்ணி: "நாலு நாள்ல இன்னா ஆய்டப் போவுது? சும்மா இருந்திருந்தா இன்னியோட முடிஞ்சிருக்கும். அவ்ளோ பேரு முன்னாடி வேற." அப்புறம் ஆம்பூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணி இன்னும் என்னிடம் பேசவில்லை. மாவு பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

ஜூலை 26, சனி

மழைத் தூறல். மாடியில் துணி எடுக்கும்போது அண்ணி, என்னைப் பார்க்காமல்: "கவி, ஒருவேள இருக்குமோ? அந்த சிஸ்டர் சொன்ன மாதிரி?"

எனக்கு என்ன தெரியும். "இருக்கட்டும் அண்ணி" என்றேன். பிறகு இரண்டு பேரும் போர்வையின் நுனிகளைப் பிடித்து மடித்தோம்.

ஜூலை 27, ஞாயிறு

ஆகிவிட்டது. அண்ணி பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அழவில்லை. "போன் நீயே பண்ணிடு. உனக்குத்தான் கணக்கு தெரியும்." கிண்டலா என்று தெரியவில்லை.

முதல் தடவை மணி அடித்ததும் கட் செய்துவிட்டேன். இரண்டாம் தடவை பேசினேன். இன்றுதான் முதல் நாள் என்று சொன்னேன். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை அண்ணனும் அண்ணியும் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதை இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

முடிந்தது.

முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்கள். சுடிதார் பேன்ட்டைக் கழற்றி, மேலே துணி போர்த்திப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா என்னையும் உள்ளே விட்டார். "தலப் பக்கம் நில்லு. கையப் புடிச்சிக்க."

"உப்புத் தண்ணிதான்மா. பை ஒட்டிக்கினு இருக்கும். கொஞ்சம் விரிச்சாதான் உள்ள தெரியும். தீட்டு வலி மாதிரி இழுக்கும், ஜாஸ்தியா இருந்தா சொல்லு."

குழாய் போகும்போது அண்ணி என் விரலை நசுக்கினாள். திரையில் முதலில் சாம்பல் நிறம் மட்டும். பத்தாவதில் இந்தக் கர்ப்பப்பைப் பாடத்தை டீச்சர் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதோடு என் படிப்பும் முடிந்தது. இப்போது கண்ணெதிரே கறுப்பாக ஒரு கோடு திறந்தது. அகலமானது. அதற்குள் வெள்ளையாக, மொச்சைக்கொட்டை போல ஒன்று ஆடியது.

"இதோ. சதை வளந்திருக்கு. இது இருந்தா கரு தங்க கஷ்டம். வெட்டாம, இதே வழியா எடுத்துடலாம்."

"பைய எடுக்கணுமா?" அண்ணி கேட்டாள். இத்தனை நாளும் அந்தப் பயமா.

"யாரு சொன்னா? பை நல்லா இருக்கு."

படுத்த நேரம் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தைவிடக் கம்மி. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரும் லேசாக ரத்தமும் வரும். காய்ச்சல், நாற்றம், தாங்காத வலி என்றால் உடனே வர வேண்டும். பஸ்ஸில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

வீட்டில் அம்மா: "இன்னா சொன்னாங்க?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், சதை, எடுத்துடலாம், பை நல்லா இருக்கு.

 அம்மா: "ரத்தம் படுதா?"

"லேசா" என்றாள் அண்ணி.

"அப்ப பின்னறைக்குப் போய்டு."

"அது தீட்டு இல்லம்மா. ஸ்கேன் தண்ணி" என்றேன்.

"உனக்கு இன்னாடி தெரியும்?"

பின்னறைக்குப் போய், குளித்த பிறகும் ஸ்கேன் முடியும்வரை அங்கேயே இருந்த அண்ணியின் தலையணையை எடுத்து வந்து, அண்ணன் அண்ணி கட்டிலில் போட்டேன்.