அச்சாகாத கட்டுரைக்கு ஒட்டிய போஸ்டர்

ஏழாயிரம்பண்ணை

அன்பு மகள் எழிலுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் வெயிலைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். கவுகாத்தி மழையில் நீ நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க மாரியம்மன் துணை நிற்பாள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆய்வுக் கட்டுரையை வெளிநாட்டு இதழ் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டது என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரஸ்ஸில் லேபிள் வெட்டி மிஞ்சிய தாளில், முதலாளியிடம் கேட்டுத்தான், உன் போட்டோ போட்டு ஒரு போஸ்டர் அடித்து, பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கிற இடத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். மாடு தின்றுவிடக் கூடாதே என்று பசையில் மயில்துத்தம் வேறு கலந்தேன். மறுநாளே நீ கூப்பிட்டு, அது போலி இதழாம்ப்பா, கட்டுரையைத் திருப்பிக் கேட்டிருக்கேன் என்றாய். ஈரச் சாக்கை வைத்துச் சுரண்டிப் பார்த்தேன். வாயும் நாடியும் உரிந்து வந்துவிட்டன, கண்ணும் நெற்றியும் வர மாட்டேன் என்கின்றன. துத்தம் கலக்காமல் விட்டிருந்தால் ஒரு மாடாவது என் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். இப்போது வேனுக்கு நிற்கிறவர்களையெல்லாம் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். என்னோடு மெஷின் ஓட்டுகிற சங்கரபாண்டியன், மூணு நாள்னு சொன்னப்பவே முழிச்சிருக்க வேண்டாமா மச்சான், கல்யாணப் பத்திரிகைக்கே நாம ஒரு வாரம் கேப்போம்லா என்று சிரிக்கிறான்.

நீ சொன்னதை எட்டாங்கிளாஸ் மூளைக்கு எட்டியமட்டும் புரிந்துகொண்டேன். யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்கிற திறந்த இதழ் எல்லாமே மோசமில்லை, நல்ல இதழும் சிலது எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கும், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் படித்துக் குறை சொல்லி, நீ திருத்திய பிறகுதான் போடும். இவர்கள் படிக்கவே இல்லை. ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த பேராசிரியருக்கு நீ எழுதிக் கேட்டால், அப்படி ஒரு இதழையே தெரியாது என்றாராமே. நாங்கள் புஸ்வாணம் லேபிளுக்கே புரூஃப் பார்க்காமல் மெஷினை ஓட்ட மாட்டோம். இப்போது பணம் கட்டினால்தான் திருப்பித் தருவோம், இல்லாவிட்டால் அச்சிட்டுவிடுவோம் என்கிறான்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கே ஒருமுறை வந்துவிட்டால் நல்ல இதழ் எதுவும் தொடாது என்றாயே. நம் தாயில்பட்டிப் பெண்கள் பட்டாசு மருந்துத் தூசியில் விடுகிற மூச்சை நீ குழாய் வைத்து அளந்ததெல்லாம் யாரும் நம்பாத இடத்தில் போய்க் கிடக்கும்.

அந்தக் குழாயில் ஊதிய பொன்மணி நேற்று வேன் நிற்கிற இடத்தில் உன் நெற்றியைப் பார்த்தபடி, எம் மூச்சு எந்தப் புத்தகத்துலண்ணே வருது, ஆஸ்பத்திரி டாக்டரு அதைப் படிப்பாகளா என்று கேட்டாள். உடனே இருமல் வந்து, இருமிக்கொண்டே வேனில் ஏறிவிட்டாள்.

தாயி, அவன்களுக்குப் பணம் கட்டாதே. வந்த மெயில் எல்லாவற்றையும் அங்கே உங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் காட்டு, உன் கைடிடமும் மறைக்காதே. கட்ட முடியாதவர்களுக்கு நல்ல இதழ்களில் தள்ளுபடி உண்டு என்று நீதானே சொன்னாய், வெட்கப்படாமல் கேள். நாளானால் ஆகட்டும். ஒருத்தி எம்புட்டு நாள்தான் படிப்பா என்று அம்மா கேட்கிறாள், கேட்டுக்கொண்டே உனக்குப் பருப்புப் பொடியும் இடிக்கிறாள். பார்சல் வரும், டப்பாவை ஈரத்தில் வைக்காதே. உனக்கு எல்லாம் கூடிவர எங்கள் ஆசீர்வாதம்.

நேற்று சாயங்காலம் போனில் நீ, எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்துரவாப்பா என்று கேட்டாய். நான், சாப்பிட்டுத் தூங்கு, காலையில பேசுவோம் என்று வைத்துவிட்டேன். வந்துரு தாயி என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது. பொன்மணி கேட்டதை நினைத்து விழுங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
முனியராஜ்